வேலை அட்டவணைக்குள் இருக்கும் எங்கள் பெயர்கள்

பளை, முகமாலைப் பக்கங்களில் ஒரு வீடு எழும்ப முன்னர் எத்தனையோ வேலைகள் முடியவேண்டும். கண்ணிவெடி அகற்றி நிலம் விடுவிக்கப்படவேண்டும், காணி உறுதிப்படவேண்டும், பயனாளி தெரிவாகவேண்டும். பிறகுதான் அத்திவாரம். எந்த வேலை, எந்தத் திகதியில், யாருடைய காணியில் என்பதைச் சொல்வதே திட்ட அட்டவணை. மைக்ரோசொஃப்ட் புரொஜெக்ட் அல்லது எக்செல் மென்பொருளில் இதைத் தயாரிப்பார்கள்.

அப்படியான ஒரு கோப்பு அண்மையில் வட்ஸ்அப் குழு ஒன்றின் வழியாக எனக்கும் வந்தது. எனக்கும் அந்தத் திட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. திகதிகளுக்குப் பக்கத்தில் பெண்களின் பெயர்கள், அடையாள அட்டை இலக்கங்கள், தொலைபேசி எண்கள், 'கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்' என்ற குறிப்பு, கட்டுப்பணம் வங்கிக்கு வரும் நாள். எந்த வீட்டில் ஒரு பெண் தனியே இருக்கிறாள், அவள் கையில் எப்போது காசு இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் எழுதிக் கொடுக்க முடியாது.

இதற்காக அட்டவணையையே மறைக்கத் தேவையில்லை. திட்டம் எப்போது முடியும், எவ்வளவு செலவு என்று கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் எங்களுக்கு வழி தந்திருக்கிறது. பொதுநலனுடன் தொடர்பில்லாத தனிப்பட்ட விபரங்களுக்கு அதே சட்டம் விலக்கும் அளிக்கிறது. ஆகவே கோப்பை இரண்டாகப் பிரிப்பதே முதல் வேலை. திகதியும் செலவும் அறிவித்தல் பலகைக்குப் போகட்டும். பெயர்களுக்குப் பதிலாக அதில் வீட்டு இலக்கம் போதும். பெயர்ப்பட்டியல் தனிக் கோப்பாக இருக்கட்டும்.

அடுத்தது பூட்டு. எக்செல்லில் ஒரு நிரலை மறைத்துவைப்பது பாதுகாப்பு அல்ல. இரண்டு சொடுக்கில் அது வெளியே வந்துவிடும். தாளை மாற்றமுடியாதபடி பூட்டினாலும் உள்ளே இருப்பதை வாசிக்கலாம். 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' என்ற தெரிவே கோப்பைக் குறியாக்கம் செய்கிறது. புரொஜெக்ட்டில் சேமிக்கும்போது இரண்டு கடவுச்சொற்கள் கொடுக்கலாம்: ஒன்று திறப்பதற்கு, மற்றது மாற்றுவதற்கு. இரண்டாவதை மட்டும் கொடுத்தால் எவரும் திறந்து வாசிக்கலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், இலவசமாகக் கிடைக்கும் செவன்-சிப் மென்பொருளில் கோப்பைக் கடவுச்சொல்லோடு பொதியலாம்.

கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே செய்தியில் அனுப்புவது, பூட்டிய கதவிலேயே திறப்பைத் தொங்கவிடுவது போன்றது. கூகுள் டிரைவில் பகிரும்போது 'இணைப்பு உள்ள எவரும்' என்பதைத் தவிர்த்து, தேவையானவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் சேருங்கள். வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றைக்கே நீக்குங்கள்.

2009இல் ஓமந்தையிலும் முகாம்களிலும் பெயர் கொடுத்து வந்த சனம் நாங்கள். ஒரு பட்டியல் யார் கைக்குப் போகிறது என்பது எங்களுக்குச் சின்ன விடயம் இல்லை. அடுத்த முறை விபரம் எடுக்க வருபவரிடம், எழுதிக் கொடுக்க முன்னர் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்தக் கோப்புக்குள் போகும்? யார் யார் பார்ப்பார்கள்? திட்டம் முடிந்த பிறகு அதை என்ன செய்வீர்கள்?