பேதி ஒரு பக்கம், புண் ஒரு பக்கம்!

குழந்தையின் அழுகையைக் கேட்டே காரணம் சொல்லிவிடும் பாட்டிமார்கள் உண்டு. "இது பசி", "இது தூக்கம்", "இது சும்மா வம்புக்கு" என்று அடுக்களையில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஓர் அழுகையைக் கேட்டால் மட்டும் அந்தப் பாட்டியே கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். இரண்டு நாளாகப் பேதி போய்க்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பின்புறமும் துடையிடுக்கும் சிவந்து, தோல் உரிந்து கிடக்கின்றன. அதன் மேல் தண்ணீர் படுகிறது. அப்போது வீரிட்டுக் கிளம்புகிறதே, அந்த அழுகை!

தாய்மார்களே, அதைக் கேட்டு நீங்களும் கூடவே அழுதிருப்பீர்கள். "குழந்தைக்கு அடி வெந்து போச்சு" என்று நம் வீடுகளில் சொல்வதைப் பேச்சு வழக்கு என்று நினைத்துவிட வேண்டாம். வைத்திய சாஸ்திரப்படியும் ஏறக்குறைய அதுதான் உண்மை.

நாம் உண்ட சோற்றையும் நெய்யையும் பருப்பையும் கரைப்பதற்காகக் குடலில் ஜீரண ரசங்கள் சுரக்கின்றன அல்லவா? சாதாரண நாட்களில் அவை பெருங்குடலில் சாவகாசமாகத் தங்கி, அங்கே குடியிருக்கும் கிருமிகளால் வீரியம் இழந்து, சாதுவாக வெளியே வருகின்றன. பேதியின்போது தங்குவதற்கு நேரம் ஏது? சின்ன ஸ்டேஷன்களில் நிற்காத மெயில் வண்டி மாதிரி ஒரே ஓட்டமாக வந்துவிடுகின்றன. கொழுப்பையும் புரதத்தையும் கரைப்பதற்கென்றே ஏற்பட்ட அந்த ரசத்துக்கு, இது பருப்பு, இது பாப்பாவின் தோல் என்ற பேதம் தெரியுமா? பெரியவர்களின் தோலைவிடக் குழந்தையின் தோல் மெல்லியது வேறு.

வெகு காலம் வரை இந்தப் பழி முழுவதும் சிறுநீரின் தலையில்தான் விழுந்தது. 1921-ல் குக் என்ற அமெரிக்க டாக்டர், சிறுநீரிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமிதான் புண்ணுக்குக் காரணம் என்று எழுதினார். உலகம் அதை நம்பிக்கொண்டிருந்தது. 1986-ல் பக்கிங்ஹாம், பெர்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் விசாரணையை மறுபடியும் நடத்தினார்கள். மலத்திலுள்ள ஜீரண ரசங்களே பிரதான குற்றவாளி என்று தெரிந்தது. சிறுநீர் கூடச் சேரும்போது தோலின் இயற்கையான புளிப்புத் தன்மை மாறி, அந்த ரசங்களுக்கு இன்னும் வீரியம் ஏறுகிறது. சிறுநீர் துணைக்குப் போன ஆசாமிதான்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், காரணம் தெரிந்தால் வைத்தியம் பாதி தெரிந்த மாதிரி. மலம் தோலில் படும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அப்படியும் பட்டால், இடையில் ஒரு சுவர் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

பகல் வேளையில் குழந்தைக்குக் கோமணமும் வேண்டாம், டயாப்பரும் வேண்டாம். கீழே ஒரு ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய வேஷ்டியை நாலாக மடித்துப் போட்டு, பிறந்த மேனியாக விடுங்கள். பாய் நனையும், துவைக்கிற வேலை கூடும், யாராவது முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். காற்றுப் படுகிற தோல்தான் சீக்கிரம் ஆறும். டயாப்பரே ஆகாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் நல்ல டயாப்பர், சொட்டச் சொட்ட நனைந்த துணியைவிட எவ்வளவோ மேல். இரவில் போடுவதானால் தளர்த்தியாகப் போட்டு, அடிக்கடி பிரித்துப் பாருங்கள். மலம் போயிருந்தால் "விடியட்டும், குழந்தை தூங்குகிறதே" என்று தாட்சண்யம் பார்க்காதீர்கள். துணியின் மேல் பிளாஸ்டிக் ஜட்டி மாட்டும் வழக்கம் மட்டும் இந்தச் சமயத்தில் அறவே கூடாது.

கழுவுவதில்தான் பலர் தவறுகிறார்கள். சுத்தம் வேண்டும் என்ற ஆவலில் சோப்புப் போட்டு, துணியால் அழுத்தித் தேய்த்து, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தப் புண்ணைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். சோப்பு வேண்டாம். வாசனை போட்ட ஈரத் தாள்களும் வேண்டாம். அகலமான பேசின் ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, குழந்தையை அதில் உட்கார வைத்துக் கையால் மெதுவாக அளைந்து விடுங்கள். உட்கார முடியாத சிசு என்றால் சொம்பிலிருந்து மெல்லிய தாரையாக விடலாம். ஒட்டிக்கொண்டிருப்பதைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்த பஞ்சினால் எடுத்தால் வலியில்லாமல் வரும். பெண் குழந்தையானால் துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னாக. பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

இனிச் சுவர். மருந்துக் கடையில் துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்பு என்று கேட்டால் கிடைக்கும். ஜிங்க் களிம்பு என்றாலும் தெரியும். இதைப் பூசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முகத்துக்கு ஸ்நோ தடவுகிற மாதிரி தடவித் தேய்த்தால் பிரயோஜனமில்லை. பொங்கலுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி, அடியில் உள்ள தோல் கண்ணுக்குத் தெரியாதபடி கனமாகப் பூச வேண்டும். அதன் மேல் வாஸ்லினை ஒரு படலமாகத் தடவினால் துணியில் ஒட்டாது. அடுத்த தடவை பேதி போனதும், அழுக்கான மேல் படலத்தை மட்டும் எடுத்துவிட்டு, சுத்தமாக இருக்கும் அடிக் களிம்பை அப்படியே விட்டு, மேலே இன்னும் கொஞ்சம் பூசுங்கள். ஒவ்வொரு தடவையும் வெள்ளை முழுவதையும் சுரண்டி எடுத்தால் தோலும் கூடவே வந்துவிடும்.

"எங்கள் காலத்தில் தேங்காய் எண்ணெய்தான், அதிலேயே எல்லாம் சரியாகிவிட்டதே" என்று பாட்டி சொல்வாள். லேசான சிவப்புக்குச் சரிதான். தாய்ப்பாலைத் தடவுகிறவர்களும் உண்டு. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மணிக்கு ஒரு தரம் ஜலமாகப் போகிற பேதிக்கு முன்னால் இவை நிற்கமாட்டா. பவுடர் விஷயம் வேறு. கொட்டும்போது பறக்கிற தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். ஈரத்தில் கட்டியாகி மடிப்புகளில் அறுக்கும். அதிலும் போரிக் பவுடர் என்ற ஒன்றைப் புண்ணில் தூவும் பழக்கம் முன்பு இருந்தது. உரிந்த தோல் வழியாக அது ரத்தத்தில் கலந்து குழந்தைகள் இறந்தே போயிருக்கிறார்கள். கேரம் போர்டோடு அது நிற்கட்டும்.

இன்னொரு ஆபத்து டியூபில் வருகிறது. என் தங்கையின் எட்டு மாதக் குழந்தைக்கு இப்படிப் புண் வந்தபோது, மருந்துக் கடைக்காரர் ஒருவர் சீட்டுக்கூடக் கேட்காமல் ஒரு டியூபை எடுத்து நீட்டினார். "எல்லாத்துக்கும் கேட்கும், அம்மா!" என்று உத்தரவாதமும் கொடுத்தார். உண்மைதான். படைக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, சீழுக்கு ஒன்று, போதாக்குறைக்கு வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என்று நாலும் கலந்த அவியல் அது. நல்ல வேளையாகத் தங்கை பூசுவதற்கு முன் டாக்டரிடம் காட்டினாள். இந்த ஸ்டீராய்டு இரண்டு நாளில் சிவப்பை மறைத்துவிடும்; உள்ளே பூஞ்சை செழித்து வளரும். டயாப்பருக்கு அடியில் மூடி வைத்தால் மருந்து அதிகமாக உடம்பில் ஊறும். தோல் மெலிந்துபோவதோடு, உடம்பின் சுரப்பிகளே நிலை தடுமாறிய குழந்தைகள் உண்டு. ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. உத்தரவு கெஜட்டில் இருக்கிறது. டியூப் அலமாரியில் இருக்கிறது!

பூஞ்சையை நீங்களே அடையாளம் காணலாம். சாதாரணப் புண், துணி உராய்கிற மேடான இடங்களில் அதிகமாகவும் மடிப்புகளின் உள்ளே குறைவாகவும் இருக்கும். பூஞ்சையோ மடிப்புக்குள்ளேயே புகுந்து அடர் சிவப்பாகப் பரவும். ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெறித்தாற்போல் தனித்தனியே நிற்கும். நோய்க்கு ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுத்த பிறகு இது அடிக்கடி வரும். இரண்டு மூன்று நாள் சுவர் கட்டியும் ஆறாத புண்ணை, இந்தச் சந்தேகத்தோடு டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கென்று தனிக் களிம்பு கொடுப்பார்.

இத்தனை நேரம் புண்ணைப் பற்றியே பேசினேன். ஆனால் பேதி கண்ட வீட்டில் என்னைப் பயமுறுத்துவது புண் அல்ல. "பால் கொடுத்தால்தானே போகிறது? கொஞ்ச நேரம் வயிற்றைக் காயப் போட்டால் புண்ணாவது ஆறும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அதைக் கேட்டுத் தாயும் நிறுத்திவிடுவாள். குழந்தையின் துன்பத்தைப் பார்க்கச் சகிக்காமல் செய்கிற காரியம்தான். அதுவே உயிருக்கு உலை வைக்கும். பேதியில் குழந்தை இறப்பது பெரும்பாலும் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வற்றிப் போவதால்தான்.

தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். முன்னைவிட அடிக்கடி கொடுங்கள். அதோடு ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்காள தேச யுத்தத்தின்போது, பொங்காவ் அகதி முகாமில் காலரா புகுந்தது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலானபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கரைத்து வாயால் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அந்தப் பொட்டலம் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னது என்றால் 200 மில்லிக்கு. பொட்டலத்தின் மேல் போட்டிருப்பதைப் படித்து, கொதித்து ஆறிய தண்ணீரில் முழுவதையும் ஒரே தடவையாகக் கரையுங்கள். மறுநாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக. கடையில் பெட்டியில் அடைத்து விற்கும் பழரசங்களும் தித்திப்புப் பானங்களும் பேதியை அதிகப்படுத்தும். புண்ணும் கூடவே வளரும்.

டயாப்பரைப் பற்றி இன்னொரு விஷயம். ஜலமாகப் போகும் மலத்தையும் சிறுநீரையும் அது ஒன்றாக உறிஞ்சிவிடுவதால், குழந்தை சிறுநீர் கழித்ததா இல்லையா என்பதே தெரியாமல் போகும். வேஷ்டித் துணியில் தெரிந்துவிடும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, குடிக்க மறுக்கிறது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் — இவற்றில் ஒன்று கண்டாலும் களிம்பை அப்படியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். புண்ணில் கொப்புளமோ சீழோ வைத்துக் காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு இந்த அடையாளங்களுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது.

கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை தினம் 10 மில்லிகிராம். அதற்கு மேல் 20. வெளியே பூசுகிற துத்தநாகம் வேறு, இது வேறு. களிம்பு வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேதி நின்றாலும் 14 நாள் மாத்திரையை விடாமல் கொடுக்க வேண்டும். புண் ஆறத் தொடங்கினால் சிவப்பு மங்கி, மேல் தோல் மெல்லிய செதிளாக உரியும். அதைப் பிய்க்க வேண்டாம். அதன் மேலேயே இன்னும் இரண்டு மூன்று நாள் களிம்பைப் பூசிக்கொண்டிருங்கள்.