உறங்கும் கைபேசியை எழுப்பும் வித்தை

அமெரிக்காவின் கான்ஸாஸ் நகரில் ஈமக்கிரியைகளை நடத்திக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வரவேண்டிய தொலைபேசி அழைப்புகளை இணைப்பகத்தார் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக ஐயுற்று, மனிதர் கைபடாமலே இணைப்புக் கொடுக்கும் யந்திரமொன்றை யோசித்து, 1891-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பது தொலைபேசிச் சரித்திரத்தில் பிரசித்தமான செய்தி. மறு ஆண்டே இண்டியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அவ்வகை இணைப்பகம் உபயோகத்துக்கு வந்தது. வழிதவறிய ஓர் அழைப்பு, வியாபாரிக்குக் கைநழுவிய பிழைப்பே என்பதை அந்த மனிதர் நன்கு உணர்ந்திருந்தார். அதன் பின்னர் சாதனங்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன. நாடி வரும் அழைப்பு உரியவர் காதில் விழ வேண்டும் என்ற நோக்கம் மட்டும் மாறவில்லை. இன்று அந்த நோக்கத்தை நிறைவேற்றும் பொறுப்பு, கைபேசியில் குடியிருக்கும் ஒரு செயலியிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

குளிர்சாதனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலை மூவர் கூட்டாக நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய வியாபார எண் மேஜைமேல் கம்பியால் கட்டுண்ட கருவியில் இல்லை. தொலைவிலுள்ள ஒரு சர்வரில் கணக்காகப் பதிந்திருக்கிறது. மூவரும் தத்தம் கைபேசியில் ஒரே செயலியை நிறுவியிருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் மூவருடைய கைபேசியும் ஒலிக்கும். குறுஞ்செய்தி வந்தால் மூவரும் படிக்கலாம். யார் பதில் எழுதினார் என்பதும் தெரியும். இரவில் அழைப்பவருக்குப் பதிவு செய்த குரல் விடை சொல்லும். அவரவர் சொந்த எண் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இராது.

முதலில், குரல் எவ்வாறு பிரயாணம் செய்கிறது என்று பார்ப்போம். ஒலிவாங்கி தரும் மின்னலையின் அளவை விநாடிக்கு 8,000 முறை குறித்து, ஒவ்வொன்றையும் 8 பிட் கொண்ட எண்ணாக மாற்றுவது, 1972-ல் வகுக்கப்பட்டு இன்றளவும் வழங்கிவரும் ஜி.711 என்ற முறை. அவ்வெண்களை 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட்டாக, அதாவது விநாடிக்கு 50 பாக்கெட்டுகளாகக் கட்டி இணையத்தில் அனுப்புகிறார்கள். 2012-ல் தரமாக்கப்பட்ட ஓபஸ் என்ற முறையோ, இதனினும் குறைந்த பிட்டுகளைக் கொண்டே குரலைத் தெளிவாகக் கொண்டுசெல்ல வல்லது. ஆனால் சீராகப் புறப்பட்ட பாக்கெட்டுகள் சீராக வந்து சேர்வதில்லை. சில முந்துகின்றன, சில பிந்துகின்றன, சில வழியிலேயே மறைந்துவிடுகின்றன. ஆற்றில் ஏறியும் இறங்கியும் வரும் நீரை ஏரி தேக்கிவைத்து மதகின் வழியே ஒரே அளவாகப் பாய்ச்சுவது போல, செயலியும் வந்த பாக்கெட்டுகளைச் சற்றே தேக்கி, வரிசைப்படுத்தி, சீராக ஒலிக்கவிடுகிறது. அதிகம் தேக்கினால் உரையாடல் இழுபடும். குறைவாகத் தேக்கினால் சொற்கள் அறுபடும். ஒருவர் வாயினின்று மற்றவர் செவிக்கு 150 மில்லிவிநாடிக்குள் குரல் சென்றுவிடுவது உத்தமம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

குரல் பாய்வதற்கு முன்னர் இரு முனைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டுமல்லவா? அதற்கான சம்பாஷணை விதிகளே சிப் எனப்படும் ஒழுங்குமுறை. 1999-ல் வெளியாகி, 2002-ல் திருத்தமான உருவம் பெற்றது. அழைப்பவர் பக்கமிருந்து ‘இன்வைட்’ என்ற கோரிக்கை புறப்படும். மணி ஒலிக்கத் தொடங்கியதும் 180 என்ற எண்ணும், எடுத்துப் பேசியதும் 200 என்ற எண்ணும் விடையாகத் திரும்பும். பேச்சு முடிந்ததும் ‘பை’ என்ற சொல் இணைப்பைத் துண்டிக்கும். இம்மட்டில் காரியம் எளிது.

கடினம் தொடங்கும் இடம் வேறு. சட்டைப்பையில் கிடக்கும் கைபேசி, மின்கலத்தின் சக்தியைக் காக்கும் பொருட்டு, பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு 2015-ல் வெளியான 6.0 பதிப்பிலிருந்து, அசையாமல் கிடக்கும் கைபேசியில் செயலிகளின் இணையத் தொடர்பையே நிறுத்திவைக்கிறது. ஐபோனும் பின்னணியில் இருக்கும் செயலியை நெடுநேரம் இயங்கவிடுவதில்லை. ‘இன்வைட்’ வாயிலில் நின்று தட்டினாலும் கதவைத் திறக்க உள்ளே எவரும் விழித்திருப்பதில்லை. ஆதலால் சர்வர் முதற்கண் கூகுள் அல்லது ஆப்பிள் நிறுவனத்தின் புஷ் சேவைக்கு அவசரச் செய்தி அனுப்புகிறது. அச்சேவை கைபேசியை எழுப்புகிறது. கைபேசி செயலியை எழுப்புகிறது. செயலி சர்வரைத் தேடிச் சென்று தன் இருப்பைப் பதிவு செய்துகொள்கிறது. அதன் பிறகே ‘இன்வைட்’ வந்து சேர்கிறது. அழைத்தவர் பொறுமையிழக்கும் முன்னர் இவ்வளவும் நடந்து முடிய வேண்டும்.

இந்தச் சில விநாடிகளுக்குள் நேரக்கூடிய சிக்கல்கள் பல. பயனர் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார், ‘இன்வைட்’ இன்னும் வரவில்லை என்றால், செயலி அவருடைய சம்மதத்தை நினைவில் வைத்திருந்து, அழைப்பு வந்த க்ஷணமே இணைக்க வேண்டும். சில வேளை அழைத்தவர் அதற்குள் வைத்துவிட்டிருப்பார், புஷ் செய்தி பிந்தி வரும். அப்போதும் ஐபோனில் ஒரு நிபந்தனை உண்டு: 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல், அழைப்புக்கான புஷ் செய்தி பெற்ற செயலி உடனே கால்கிட் என்ற ஆப்பிளின் ஏற்பாட்டின் வழியாக அழைப்பை அறிவித்தாக வேண்டும், தவறினால் அமைப்பே செயலியை நிறுத்திவிடும். ஆகையால் முடிந்துபோன அழைப்பையும் ஒரு கணம் அறிவித்து, உடனே முடித்து, தவறிய அழைப்பாகக் குறிக்க வேண்டியதாகிறது.

மூன்று கைபேசிகள் ஒரே சமயத்தில் ஒலிக்கையில், இருவர் ஒரே நொடியில் எடுத்தால் யாருக்கு இணைப்பு? தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சர்வருக்கு மட்டுமே உரியது. முதல் விடையை அது ஏற்று, மற்றவற்றுக்கு ரத்துச் செய்தி அனுப்பும்போது, ‘அழைப்பு வேறிடத்தில் எடுக்கப்பட்டது’ என்ற காரணத்தையும் சேர்த்தனுப்ப வேண்டும். இல்லையேல், சகா பேசி முடித்த வாடிக்கையாளரை, தவறிய அழைப்பு என்று எண்ணி மற்ற இருவரும் மீண்டும் கூப்பிட்டுத் தொல்லைப்படுத்துவார்கள்.

குறுஞ்செய்தியின் இயல்போ தனி. 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் முதற் செய்தி அனுப்பப்பட்ட அந்த எஸ்.எம்.எஸ். ஏற்பாட்டில், ஒரு செய்திக்கு 140 பைட் இடமே உண்டு. எழுத்துக்கு 7 பிட் வீதம் ஆங்கிலத்தில் 160 எழுத்து அடங்கும். 16 பிட் வேண்டும் தமிழுக்கோ 70 குறிகளே அடங்கும். அதிலும் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே கணக்காவதால், நாம் ஐந்தெழுத்தாக எண்ணும் ‘வணக்கம்’ ஏழு இடங்களைப் பிடிக்கிறது. நீண்ட செய்தி துண்டாகும்போது, துண்டுகளைப் பிணைக்கும் குறிப்புக்கும் இடம் போக, ஆங்கிலத்தில் 153-ம் தமிழில் 67-மே ஒவ்வொன்றிலும் எஞ்சும். வாடிக்கையாளருக்குத் தமிழில் எழுதும் வியாபாரிக்கு, ஒரு செய்திக்கு எத்தனை செய்தியின் கட்டணம் விழுகிறது என்பதை எழுதும்போதே காட்டுவது நல்ல செயலியின் லட்சணம். மேலும், சிக்னல் இல்லாத இடத்தில் எழுதிய செய்தி தொலையாமல் காத்திருந்து பின்னர் செல்ல வேண்டும். பதில் கிடைக்கவில்லையென்று மறுமுறை அனுப்புகையில் இரட்டித்துவிடவும் கூடாது. அதற்காகவே, செய்தி பிறக்கும்போதே கைபேசி அதற்கொரு தனி அடையாள எண்ணைச் சூட்டிவிடுகிறது; அதே எண் மறுபடி வந்தால் சர்வர் அதை இரண்டாம் செய்தியாகக் கொள்வதில்லை.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் திரையழகு இந்தத் தொழிலில் மிகச் சிறிய பங்கு என்பது விளங்கும். செயலி ஆக்க முற்படும் இளைஞர்கள், பொத்தான்களின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னர், பூட்டிய கைபேசியை இரவு முழுவதும் மேஜையில் கிடத்திவைத்து, விடியலில் அழைத்துப் பார்க்க வேண்டும். பேசியபடியே வீட்டை விட்டு வெளியேறி, வைஃபை அகன்று மொபைல் இணையம் பற்றும் வேளையில் குரல் அறுபடுகிறதா என்று கவனிக்க வேண்டும். விலை குறைந்த பழைய கைபேசிகளிலும் இப்பரீட்சைகளைச் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் அழைப்பும் சர்வரை அடைந்த நேரம், புஷ் சென்ற நேரம், கைபேசி விழித்த நேரம், மணி ஒலித்த நேரம் ஆகியவற்றைப் பதிந்துவைக்க வேண்டும். திரையில் ஒரு பிழை நேர்ந்தால் பயனர் கண்டு முறையிடுவார். ஒலிக்காமற் போன அழைப்பை அவர் அறியவே மாட்டார், அழைத்தவரும் முறையிடாமல் வேறொரு கடையின் எண்ணைத் தேடிப் போய்விடுவார். அந்த நஷ்டத்தை அறியக்கூடியவர் செயலியை ஆக்கியவர் ஒருவரே. அதுவும் அவர் பதிவு வைத்து, அதை நாள்தோறும் பார்த்து வந்தால்தான்.