லீவு விட்டாச்சு... ராட்டினம் சுத்தப் போறவங்க கவனத்துக்கு!

காட்டன் புடவையோடு தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள்

சென்னை: முழுப் பரீட்சை முடிந்து விட்டால் வீட்டுக்கு வீடு ஒரே நச்சரிப்புதான். "அப்பா, எப்பப்பா தீம் பார்க் கூட்டிட்டுப் போறே?"

அப்பா காலண்டரைப் பார்ப்பார். அம்மா அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்படும். பக்கத்து வீட்டுக்கும் அதே ஞாயிறு. எதிர் வீட்டுக்கும் அதே ஞாயிறு!

அதனால்தான் வருஷத்துக்கு ஒருநாள் வாய்க்கும் அந்த உல்லாசப் பயணம், பல குடும்பங்களுக்கு வரிசையில் நின்றே முடிந்து விடுகிறது.

தீவுத்திடல் பொருட்காட்சி என்றால் கணக்கு வேறு. ராட்டினம் ஏறினால் காசு. ஏறாவிட்டால் காசு இல்லை. டெல்லி அப்பளத்தைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்து விட்டு வந்து விடலாம்.

தீம் பார்க்கில் அந்தப் பேச்சு கிடையாது. பெரும்பாலும் வாசலிலேயே மொத்தப் பணத்தையும் வாங்கி விடுகிறார்கள். பெரிய பூங்காவில் தலைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பத்து தடவை ஏறுகிற பையனுக்கும், பெஞ்சில் உட்கார்ந்து பையைக் காக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே டிக்கெட்தான். ஆக, உள்ளே வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் கைக்காசு!

சிலை மனிதர்

சென்னைக்கு இந்த ஆசை புதிது அல்ல. தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்றுப் பேர் வாங்கிய வி.ஜி.பி. நிறுவனத்தாரின் ஈஞ்சம்பாக்கம் கடற்கரைக்குப் போகாத பழைய சென்னைவாசி குறைவு. அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்து, தோற்றுத் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

1995-ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா வந்தது. அதைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன், 1984-ல் முதல் இந்திய 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தவர். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., செம்பரம்பாக்கம் பக்கம் குயின்ஸ்லேண்ட் என்று வரிசையாக வந்தன. கொச்சி, பெங்களூர், ஐதராபாத் எல்லாம் சுற்றி விட்டு, திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லாவும் கதவைத் திறந்து விட்டது.

இடம் எதுவானாலும் சரி, போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சங்கடங்கள் ஒன்றுதான்.

வரிசைக் கணக்கு

ஒரு ராட்டினத்தில் 24 பேர் உட்காரலாம் என்று வையுங்கள். சுற்றுவது என்னவோ 2 நிமிஷம்தான். ஏற்றி, பெல்ட் மாட்டி, சரி பார்த்து, இறக்கி விட இன்னொரு 3 நிமிஷம். முன்னால் 240 பேர் நின்றால் பத்து சுற்று. ஐம்பது நிமிஷம் போச்சு! வெயிலில் ஐம்பது நிமிஷம் நின்று, ரெண்டு நிமிஷம் சுற்றி இறங்கினால் யாருக்கு மனசு ஆறும்?

அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வார நாளில் லீவு போட்டுப் போகிறவர்தான் கெட்டிக்காரர். சில பூங்காக்களில் வார நாளில் டிக்கெட்டும் குறைவு.

ஞாயிறுதான் முடியும் என்கிற கடைக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. கதவு திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போனதும் முதலில் கண்ணில் படும் ராட்டினத்தில் எல்லோரும் மொய்த்துக் கொள்வார்கள். அதை விட்டு விட்டு, நேரே பின்கோடிக்குப் போய் அங்கிருந்து தொடங்கினால் முதல் ஒரு மணி நேரத்தில் நாலைந்து ஏறி விடலாம். ஊரே சாப்பிட உட்காரும் 1 மணிக்கும் வரிசை சுருங்கும்.

தண்ணீர் பகுதி எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்று டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சில இடங்களில் நாள் பூராவும் திறந்து இருப்பதில்லை. கல்லூரி மாணவர்கள் அடையாள அட்டையை மறக்கக்கூடாது. அதற்குத் தள்ளுபடி தரும் பூங்காக்கள் உண்டு.

புடவை தகராறு

தண்ணீர் பகுதி வாசலில் தினமும் தகராறு நடக்கும் விஷயம் இதுதான்.

"காட்டன் டிரஸ் போட்டுக்கிட்டு இறங்கக் கூடாதும்மா."

"ஏன்யா, நாங்க ஆத்துல குளிச்சதே இல்லையா?"

ஆற்றில் வடிகட்டும் இயந்திரம் இல்லை. இங்கே ஒரே தண்ணீரை வடிகட்டி, மருந்து போட்டு, திரும்பத் திரும்ப விடுகிறார்கள். பருத்தித் துணியின் பிசிறு வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு ஈரமான பருத்திப் புடவை கல் மாதிரி கனக்கும். சறுக்கு மரத்தில் முந்தானையோ துப்பட்டாவோ எங்காவது மாட்டினால் கழுத்துக்கு ஆபத்து. ஜீன்ஸ் பேன்ட்டின் பித்தான், ஜிப் எல்லாம் சறுக்குப் பாதையைக் கீறி விடும்.

ஆகவே நைலான், பாலியஸ்டர் உடைதான் அனுமதி. தெரியாமல் போனவர்களுக்கு அங்கேயே வாடகைக்கும் விலைக்கும் துணி கிடைக்கும். நாலு பேருக்கு வாங்கினால் பட்ஜெட்டில் ஓட்டை! முந்தின வாரமே ரங்கநாதன் தெருவில் ஒரு நடை போய் வந்தால், முழங்கால் வரை, முழங்கை வரை மறைக்கிற உடை வீட்டுப் பெண்களுக்கும் கூச்சம் இல்லாமல் கிடைக்கும்.

நகை வேண்டவே வேண்டாம். அலை வரும் குளத்தில் ஆயிரம் கால்களுக்கு நடுவே கழன்று விழுந்த கம்மலைத் தேடுவது, மெரினா மணலில் கடுகு பொறுக்குகிற வேலை.

நாலடி ஏழு அங்குலம்

துணியை விடக் கொடுமை, உயரக் கம்பம்.

பல பூங்காக்களில் பெரிய ராட்டினங்களுக்கு 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அதாவது நாலடி ஏழு அங்குலம். முக்கால் மணி நேரம் நின்ற பையனைக் கம்பத்தின் கீழே நிறுத்திப் பார்த்து, "தம்பி, நீ போக முடியாது" என்பார்கள். அண்ணன் உள்ளே போவான். தம்பி விக்கி விக்கி அழுவான். அப்பா ஊழியரோடு மல்லுக்கு நிற்பார்.

அந்த ஊழியர் மேல் தப்பு இல்லை. தோளை அழுத்திப் பிடிக்கும் அந்த இரும்புக் கை, குறிப்பிட்ட உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது. சின்ன உடம்பு அதற்குள் நழுவும். 'ரெண்டு அங்குலம்தானே சார்' என்று கெஞ்சி ஏற்றுவது பிள்ளையை ஆபத்தில் தள்ளுகிற காரியம்.

கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்து, "உனக்கு இது உண்டு, அது கிடையாது" என்று சொல்லி விட்டால் அங்கே அழுகை இல்லை. டிக்கெட் விலைக்கும் பல இடங்களில் வயது கணக்கு இல்லை, உயரம்தான் கணக்கு. அந்த அளவு அதற்கும் உதவும்.

அந்தரத்தில் நின்றால்...

2025 மே 27-ந்தேதி கிழக்குக் கடற்கரைச் சாலை பூங்கா ஒன்றில் ராட்டினம் பழுதாகி உச்சியில் நின்றது. பெண்கள், குழந்தைகள் உள்பட 30 பேருக்கு மேல் மணிக்கணக்கில் அந்தரத்தில் தவித்தார்கள். தீயணைப்புப் படையினர் ராட்சத ஏணி வண்டியோடு வந்து எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள்.

இப்படி நின்று விட்டால் பதறிப் பெல்ட்டைக் கழற்றுவதுதான் பெரிய ஆபத்து. ரோலர் கோஸ்டர் பெட்டிகளில் பெரும்பாலும் என்ஜின் கிடையாது. சங்கிலி மேட்டுக்கு இழுத்துப் போய் விடும். பிறகு தன் கனத்திலேயே ஓடும். கரண்ட் போனாலும் பிரேக் தானாகவே கவ்விப் பிடிக்கிற மாதிரிதான் பொதுவாகச் செய்திருப்பார்கள். கையைக் காலை நீட்டாமல், இறக்க ஆள் வரும் வரை உட்கார்ந்து இருப்பதே பத்திரம்.

இதய நோய், ரத்தக் கொதிப்பு, கழுத்து வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது என்று போர்டே வைத்திருப்பார்கள். மச்சான் கேலி செய்வான் என்று ஏறுகிற வீரம் வேண்டாம். பிரியாணியை ஒரு பிடி பிடித்த கையோடு தலைகீழ் ராட்டினத்தில் ஏறுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்காருபவர் பாவம்!

கட்டுச்சோறு?

பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. புளியோதரைத் தூக்கு வாசலிலேயே நின்று விடும். கைக்குழந்தைக்குப் பால், பெரியவர்களுக்கு மாத்திரை என்றால் பொதுவாகத் தடுக்க மாட்டார்கள். காலையில் இட்லியை வயிறு நிறைய முடித்துக்கொண்டு போனால் உள்ளே ஒரு வேளைச் செலவு மிச்சம்.

செல்போன் லாக்கருக்குள் போன பிறகு யாரையும் கூப்பிட முடியாது. ஆகவே "நாலு மணிக்கு அந்தக் கடிகாரத்தடியில்" என்று ஓர் இடத்தை முதலிலேயே பேசி வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கையில் பேனாவால் எழுதிய நம்பர் ரெண்டு சறுக்கலில் அழிந்து விடும். பிளாஸ்டிக் பட்டையில் எழுதிக் கட்டுவது மேல்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மா, அக்கா, பாட்டி மூவருக்கும் போக வரச் செலவு மிச்சம். திரும்பும்போது மூடும் மணி அடிக்கும் வரை இருந்தால், மொத்தக் கூட்டமும் ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்கும். அரை மணி முன்னதாகக் கிளம்புகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும். தூங்கி விழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேளம்பாக்கத்திலிருந்து பிராட்வே வரை நின்றே வருவது, எந்த ராட்டினத்தையும் விடக் கஷ்டம்.

ஈரத் துணிக்குத் தனி பிளாஸ்டிக் பையும், மாற்று உடையும் அவசியம். சொட்டச் சொட்ட சீட்டில் உட்கார்ந்தால் கண்டக்டர் சும்மா விட மாட்டார்.