இட்லி அண்டாவும் எங்கள் பெரியப்பாவும்

நம் சங்க மலரில் பெரிய மனிதர்களைப் பற்றி அன்பர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப் போவது எந்த மேடையிலும் ஏறாத ஒருவரைப் பற்றி. என் தந்தையாரின் அண்ணன், 2004-இல் காலமானார். தாராவியில் பழைய ஆட்களிடம் பெயரைச் சொன்னால் தெரியாது. 'இட்லி அண்ணாச்சி' என்றால் தெரியும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மழை பொய்த்த 1953-இல், பதினாறு வயதில், ஊர்க்காரர் ஒருவரின் விலாசம் எழுதிய துண்டுக் காகிதத்தோடு ரயில் ஏறினார். அந்நாளில் மீட்டர் கேஜ் வண்டியில் எழும்பூர் வந்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து பிராட் கேஜில் பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் சேர வேண்டும். (ரயில்வேக்காரன் ஆனதால் வழித்தடத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மாட்டுங்காவில் ஓர் ஓட்டலில் நாலைந்து வருடம் எச்சில் தட்டுக் கழுவினார். பிறகு ஊருக்குப் போய்ப் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு வந்து, தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி வாடகை அறையில் இட்லி வியாபாரம் தொடங்கினார்.

இட்லி வியாபாரம் என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். பெரியம்மா மாலை முழுவதும் ஆட்டுக்கல்லில் அரைப்பார். கிரைண்டர் வந்ததெல்லாம் வெகு பிற்பாடு. இரவு இரண்டு மணிக்கு அடுப்புப் பற்றும். வெந்த இட்லிகளை ஈரத்துணி சுற்றி அலுமினிய அண்டாவில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டுவார்கள். ஹாண்டில்பாரின் இரு பக்கமும் சட்னி, சாம்பார் தூக்குவாளிகள். ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டே, காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுமுன் பரேல், லால்பாக் மில் வாசல்களுக்குப் போய்ச் சேர வேண்டும். குளிர்காலத்தில் மாவு லேசில் பொங்காது. பாத்திரத்துக்குக் கோணி போர்த்தி அடுப்போரம் வைப்பார்கள். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். விற்காமல் திரும்பியதை அன்று முழுவதும் வீட்டில் தின்ன வேண்டும்.

மண்டியில் உளுந்துக்குக் கிலோவுக்கு ஐந்து பைசா குறைக்க அரைமணி நேரம் வாதாடுவார். கூடப் போகும் எனக்குக் கூச்சமாக இருக்கும். கணக்குத் தெரியாமல் வாரிக் கொடுத்தவர் என்று அவரைச் சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டிப்ளமா முடித்து, ரயில்வே உத்தரவோடு 1979-இல் நான் போய் இறங்கியபோது, அந்த அறையில் ஏற்கெனவே ஊர்ப் பையன்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருவன் தலைமாட்டில் இன்னொருவன் கால். மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக் காலத்து முதல் பணத்தில் ஐம்பது ரூபாயை நீட்டினேன்.

"ஏலே, இங்க என்ன லாட்ஜா நடத்துதேன்? ஒங்க அம்மைக்கு மணியார்டர் அனுப்பு. ரசீதைக் கொண்டாந்து காட்டு."

ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்த அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே முப்பது பேருக்குக் குறையாது.

தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷம் கிளம்பிய 1960-களின் கடைசியில், ஒருநாள் காலை சிலர் அண்டாவைத் தெருவில் கவிழ்த்துவிட்டார்களாம். பெரியம்மா சொல்லிக் கேட்டது. வேறு இடம் பார்க்கச் சொல்லி அழுதிருக்கிறார். "கவுத்தவன் நாலு பேரு. திங்கவன் நானூறு பேருல்லா" என்று மறுநாள் அதே மில் வாசலுக்குப் போயிருக்கிறார்.

1982 ஜனவரி 18-ஆம் தேதி மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். ஒரு வருடம் கடந்தும் தீரவில்லை. பல மில்கள் திரும்பத் திறக்கவே இல்லை. பெரியப்பா சங்கு ஊதாத வாசலுக்கும், அவர்கள் குடியிருந்த சால்களுக்கும் அண்டாவோடு போனார். கடன்தான். ஒரு நோட்டில் எழுதி வந்தார். தொகை ஏழாயிரத்தைத் தாண்டியதும் எழுதுவதை நிறுத்திவிட்டார், இட்லியை நிறுத்தவில்லை. உளுந்து வாங்கப் பெரியம்மாவின் இரண்டு வளையல்கள் சேட்டு கடைக்குப் போயின. திரும்பி வரவில்லை. கடன்பட்டவர்களில் பாதிப் பேர் கொங்கணத்துக் கிராமங்களுக்கே போய்விட்டார்கள்.

அதற்கடுத்த வருடம், குடியிருந்த அறையையே விலைக்குத் தருவதாகச் சொந்தக்காரர் சொன்னார். கையில் முன்பணம் இல்லை. "ஊருக்கெல்லாம் போட்டாரு, எங்களுக்கு ஒரு கூரை வைக்கல" என்று அவர் மகன், என் அண்ணன், இன்றும் சொல்வான். அதில் நியாயம் இருக்கிறது. பெரியப்பாவின் கொடையில் பாதி பெரியம்மாவும் பிள்ளைகளும் கொடுத்தது. அவர்களை யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று, வெள்ளைக் குல்லாய் வைத்த முதியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். ரத்னகிரிப் பக்கமாம். மில் போனபின் ஊரோடு போனவர். பழைய கூட்டாளி ஒருவர் மூலம் சாவுச் செய்தி கேட்டு வந்திருக்கிறார். மராத்தியில் ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், பெரியம்மாவிடம் ஒரு கவரைக் கொடுத்தார். முன்னூற்று நாற்பது ரூபாய். சுற்றியிருந்தவர்கள், "வேண்டாம், இன்றைக்குப் போய் வாங்குவதா" என்றார்கள்.

"அவுக இருந்தா வாங்கியிருக்க மாட்டாக. நான் வாங்குவேன்" என்றார் பெரியம்மா. எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, அவருக்கு முதல் பந்தியில் இலை போடச் சொன்னார்.