தொகுதிப் பிரதிநிதியும் ஊர்க் குளமும்

சட்டசபை அங்கத்தினர் ஒருவர் தம் தொகுதியைச் சேர்ந்த கிராமங்களுக்கு வந்து, நடந்தேறிய காரியங்களையும் இனி நடக்கவேண்டிய காரியங்களையும் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வது கிராமாந்தரங்களில் பழகிப்போன வழக்கமாகும். ரஸ்தா, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிஜலம் எனப் பல விஷயங்கள் அப்பேச்சில் இடம்பெறும். குடியானவர்களோ முக்கியமாகத் தங்கள் குளத்தைப் பற்றிய செய்திக்காகவே காத்திருப்பார்கள். அச்செய்தியைக் கேட்டபின் சிலர் எல்லாம் தானே ஆகிவிடும் என்று நம்பிச் சும்மா இருந்து விடுகின்றனர். வேறு சிலர் ஒன்றும் ஆகாது என்று வெறுத்துச் சும்மா இருந்து விடுகின்றனர். இவ்விரு சாராராலும் குளத்துக்கு ஒரு சொட்டு ஜலமும் வரப்போவதில்லை. பிரதிநிதி சொல்லும் கணக்கைப் பகுத்தறிந்து, மேற்கொண்டு கேட்கவேண்டியதை விவரத்தோடு கேட்கும் மூன்றாவது சாரார் ஒவ்வோர் ஊரிலும் பெருகுதல் அவசியம்.

அங்கத்தினரின் அதிகாரம்

தமிழ்நாடு சட்டசபையில் 234 தொகுதிகளுக்கும் தொகுதிக்கு ஒருவராக அங்கத்தினர் உளர். குளத்தைத் தூர்வார உத்தரவிடும் அதிகாரம் அவர்களில் எவருக்கும் நேராகக் கிடையாது. அது சர்க்கார் இலாகாக்களின் வேலை. ஆயினும் அங்கத்தினர் கையில் வேறு சில சாதனங்கள் இருக்கின்றன. சபையில் கேள்வி கேட்டு மந்திரியிடம் பதில் பெறலாம். மான்யக் கோரிக்கை விவாதத்தின்போது தொகுதியின் குறையை எடுத்துரைக்கலாம். ஜனங்களின் விண்ணப்பங்களை மனுக்கள் குழுவின் கவனத்துக்குக் கொண்டு வரலாம். சபையில் மந்திரிகள் அளித்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கு அரசு உறுதிமொழிக் குழு என்பதொன்றும் உண்டு. ஆகவே, கூட்டத்தில் அங்கத்தினரிடம் கேட்கத்தக்க முதற் கேள்வி, "எங்கள் குளத்தைப் பற்றிச் சபையில் கேட்டீர்களா? என்ன பதில் கிடைத்தது?" என்பதே. சபையில் கிடைத்த பதில் அச்சில் ஏறுவது. அதைப் பிற்காலத்தில் எடுத்துக் காட்டலாம்.

இவற்றோடு, தொகுதி மேம்பாட்டுக்கென அங்கத்தினர் வேலைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்கு ஒரு தனி நிதியும் ஏற்பட்டிருக்கிறது. தொகுதி ஒன்றுக்கு வருஷந்தோறும் ஒதுக்கப்படும் அத்தொகை 2019 ஆம் வருஷத்தில் 3 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு தொகுதியில் அடங்கிய ஊர்களின் எண்ணிக்கையை நினைத்தால் இது பெருந்தொகையன்று. ஒரு பாலத்துக்குக் கொடுத்தால் ஒரு மதகுக்கு இல்லாமற் போகும். எதற்கு, எந்தக் காரணத்தால் முதலிடம் கொடுக்கப்பட்டது என்று கேட்டறிவது ஜனங்களின் உரிமையாகும்.

குளம் யாருடையது?

மனுக்கள் பயனற்றுப் போவதற்கு ஒரு பெரிய காரணம், அவை தகாத வாசலில் கொடுக்கப்படுவதே. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் பொதுவாக நீர்வள இலாகாவின் பராமரிப்பில் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் வசத்தில் இருக்கின்றன. சிறு குட்டைகளும் ஊருணிகளும் கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தவை. குளம் ஓர் இலாகாவிலும், அதற்கு ஜலம் கொண்டுவரும் கால்வாய் மற்றோர் இலாகாவிலும் இருப்பதுமுண்டு. அங்ஙனமாயின் இரண்டு இடங்களிலும் ஏககாலத்தில் மனுச்செய்தாலன்றிக் காரியம் கைகூடாது. தம் ஊர்க் குளம் எவருடையது என்பதை முதலில் அறிந்துகொண்ட குடியானவன் பாதி வழி கடந்தவனாவான்.

அத்திக்கடவு தரும் படிப்பினை

ஒரு வட்டாரத்தின் ஜலக்குறை கூட்டத்திலிருந்து சபைக்கும், சபையிலிருந்து குளத்துக்கும் எவ்வளவு காலத்தில் செல்கிறது என்பதற்கு அத்திக்கடவு–அவிநாசித் திட்டமே நல்ல திருஷ்டாந்தம். அவிநாசி, அன்னூர் முதலிய பகுதிகளில் ஆயிரம் அடிக்கு மேல் துளையிட்டும் ஜலம் காணாத கிணறுகள் பல. பவானியில் மிகுந்து செல்லும் வெள்ளத்தைத் தங்கள் குளங்களுக்குத் திருப்பவேண்டுமென்று அப்பகுதியார் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வந்தனர். 2016 ஆம் வருஷத்தில் அவிநாசியில் உண்ணாவிரதமும் நடந்தது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஆகஸ்டு 17 ஆம் தேதி திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

பவானியில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி ஜலத்தை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்களின் வழியாகக் குழாய்களில் செலுத்துவதே இதன் முறை. விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்களுக்கு எடுத்தால் 1.5 டி.எம்.சி. ஆகும். ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் ஆகிய மூன்று ஜில்லாக்களிலும் 1,045 நீர்நிலைகள் இதில் சேர்க்கப்பட்டன. அவற்றில் நீர்வள இலாகா ஏரிகள் 32, ஊராட்சி ஒன்றியக் குளங்கள் 42, குட்டைகள் 971. செலவு 1,916 கோடி ரூபாய்க்கு மேல். பாசன அனுகூலம் பெறும் நிலம் 24,468 ஏக்கர் எனக் கணக்கிடப்பட்டது.

இவ்வளவு பெரிய திட்டத்திலும் சேராமல் விடுபட்ட குளங்குட்டைகள் உண்டு. அவற்றையும் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை திட்டம் தொடங்கிய பின்னரும் எழுந்தது. இதிலிருந்து அறியத்தக்கது யாதெனில், ஜாபிதா தயாராகும் காலத்தில் தம் ஊர்க் குளத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பவரே அதன் பயனை அடைவர் என்பதாம். குழாய் புதைத்த பிறகு கேட்பவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியவராவர்.

2022 ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் முதலமைச்சர் 234 அங்கத்தினருக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாத முக்கியமான பத்துக் கோரிக்கைகளை ஜில்லா கலெக்டரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். பல கிராமங்கள் அடங்கிய தொகுதிக்குப் பத்தே இடங்கள். அத்தகைய ஜாபிதாவில் விவரம் தயாராக வைத்திருக்கும் ஊரின் குறை ஏறுவது எளிது.

சொற்களின் பொருள்

அங்கத்தினர் கூறும் கணக்கில் சில சொற்கள் அடிக்கடி வரும். "பரிசீலனையில் இருக்கிறது" என்றால் பணம் இன்னும் ஒதுக்கப்படவில்லை என்று கொள்க. "எஸ்டிமேட் தயாராகிறது" என்றால் இன்ஜினீயர் அளவெடுத்துச் செலவைக் கணக்கிடுகிறார் என்பது பொருள். "நிர்வாக அனுமதி கிடைத்தது" என்பது சர்க்கார் வேலையையும் அதற்குரிய தொகையையும் ஒப்புக்கொண்டதைக் குறிக்கும். அந்த உத்தரவுக்கு எண்ணும் தேதியும் உண்டு. அவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். அதற்குப் பின் டெண்டர் விடப்பட்டு, கண்டிராக்டரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டால்தான் மண்வெட்டி மண்ணைத் தொடும். சென்ற கூட்டத்தில் எந்தப் படியில் இருந்த வேலை இந்தக் கூட்டத்தில் எந்தப் படிக்கு வந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், காரியம் நகர்கிறதா நிற்கிறதா என்பது விளங்கிவிடும்.

சொல்லப்படாத விஷயம்

கூட்டங்களில் பெரும்பாலும் பேசப்படாத விஷயம் ஆக்கிரமிப்பு. வரத்துக் கால்வாயை உழுது சேர்த்துக்கொண்டவரும் வாக்காளரே. அதனால் ஜலமிழந்தவரும் வாக்காளரே. ஆகையால் இருவரையும் பகைக்க விரும்பாத பிரதிநிதி தூர்வாருதலைப் பற்றிப் பேசுவார். கால்வாயின் அகலத்தைப் பற்றி வாய் திறவார். குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் வரத்து அடைபட்டிருந்தால் அது வெறும் பள்ளமாகவே இருக்கும். ஏரிகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கெனத் தமிழ்நாட்டில் 2007 ஆம் வருஷத்தில் தனிச்சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருந்தும், அளக்கச் சொல்லி ஊரார் ஒன்றுபட்டுக் கேட்காவிடில் அது ஏட்டளவில் நின்றுவிடும். ஆக்கிரமித்தவர் நம் உறவினராயினும் கேட்கத் துணிவதே இதில் கடினமான பகுதி. அத்துணிவு ஊராருக்கு இல்லாதபோது பிரதிநிதியை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

செய்யத்தக்கவை

ஒவ்வோர் ஊரிலும் ஆயக்கட்டுதாரர்கள் கூடி ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்துக்கொள்ளலாம். குளத்தின் பெயர், சர்வே நம்பர், பரப்பு, ஆயக்கட்டு, மதகு கலிங்குகளின் நிலைமை, கால்வாய் அடைபட்ட இடங்கள், கடைசியாக நிரம்பிய வருஷம், கொடுத்த மனுக்களின் தேதி, வந்த பதில்கள் ஆகிய யாவும் அதில் எழுதப்படவேண்டும். கிராமசபைக் கூட்டத்தில் அதை வாசித்துத் தீர்மானம் நிறைவேற்றி, அத்தீர்மானத்தின் நகலைப் பிரதி மாதமும் கலெக்டர் தலைமையில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஒன்றும், சட்டசபை அங்கத்தினரிடம் ஒன்றுமாகக் கொடுத்து ரசீது பெறுதல் நலம்.

அடுத்த முறை அங்கத்தினர் ஊருக்கு வரும்போது, மாலை போடுவதற்கு ஒருவர் எழுந்தால் இந்த நோட்டைப் பிரித்துக் கேள்வி கேட்பதற்கு மற்றொருவர் எழவேண்டும். நல்ல பிரதிநிதிக்கு அக்கேள்வி உதவியாகும். சபையில் பேசுவதற்கு அவருக்கு வேண்டிய விவரம் அதிலேதான் இருக்கிறது. அசட்டையான பிரதிநிதிக்கோ அது எச்சரிக்கையாகும். எவ்வாறாயினும், மழைக்காலம் வருமுன் கால்வாய் திறந்திருக்கவேண்டும் என்பதே குடியானவன் முடிவாகக் கேட்கவேண்டிய கணக்கு.