சத்திரத்து வைத்தியர்
முத்தாம்பாள் சத்திரம், ஒரத்தநாடு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தம் அன்புக்குரிய முத்தாம்பாள் என்ற பெண்ணின் நினைவாகக் கட்டிய சத்திரம் இது. அடித்தளத்தில் சக்கரங்களும் குதிரை, யானைச் சிற்பங்களும் இருப்பதைக் காணுங்கள். கட்டடமே தேர் போல அமைந்துள்ளது.

இத்தகைய சத்திரங்களில் தங்கி இராமேசுவரத்துக்கு நடந்து சென்ற யாத்திரிகர்களுக்கு வழியில் காய்ச்சலும் கட்டியும் பாம்புக்கடியும் வந்தன. உறவினர் இல்லாத ஊரில் விழுந்தவரைக் கவனிக்க ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் சத்திரங்களில் சம்பளம் பெற்ற வைத்தியர்கள் செய்தார்கள். சரபோஜி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம், தம் சத்திரங்களில் நடந்ததை விரிவாகச் சொல்கிறது. நோயுற்ற பயணிக்கு மருந்தும் பத்திய உணவும் கொடுத்து, குணமாகும்வரை அன்புடன் பார்த்துக்கொண்டார்கள். வழியில் பிரசவம் நேர்ந்த பெண்களுக்கும் உதவினார்கள். பெற்றோரை இழந்த வெளியூர்க் குழந்தைகளுக்கு மூன்று வேளை உணவும், எண்ணெய்க் குளியலும், படிப்பும், மருந்தும் கிடைத்தன. சோறு எல்லாச் சாதியாருக்கும் வழங்கப்பட்டது.

1799 உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. வருவாய் சுருங்கிய நிலையிலும் சத்திரங்கள் தம் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று மன்னர் வாதாடியது சிறப்பாகப் போற்றத்தக்கது.

சத்திரங்களைத் தவிர, தஞ்சை அரண்மனையின் மருத்துவ நிலையமான தன்வந்திரி மகாலிலும் மருத்துவப் பணி நடந்தது; அங்கே மருந்துகள் தயாராயின. மனிதருக்கும் கால்நடைகளுக்கும் அங்கே சிகிச்சை இருந்தது. அக்கால மருத்துவக் குறிப்புகளைச் சரசுவதி மகால் நூலகம் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற தலைப்பில் நோய்வாரியாக வெளியிட்டுள்ளது.