ஆறாவது அடுக்குக்குத் தண்ணீர் ஏறியது எப்படி?

திருவண்ணாமலைக்குச் செல்பவர்கள் அண்ணாமலையார் கோயிலின் 217 அடி உயர இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. அடுத்த முறை அங்கே போகும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். காலையில் திண்டிவனம் செல்லும் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள். கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனதும், பாறைகளைக் குவித்து வைத்தாற்போன்ற குன்றுகளும் அவற்றின்மீது ஏறி இறங்கும் மதில்களும் கண்ணில் படும். அதுதான் செஞ்சிக் கோட்டை.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்கள் இணைக்கின்றன. 1677இல் சிவாஜியும், 1698இல் முகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் இதைக் கைப்பற்றினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே.

இராஜகிரியின் அடிவாரத்தில், உட்கோட்டைக்குள் நிற்கிறது கல்யாண மகால். நடுவே ஒரு சதுர முற்றம். அதைச் சுற்றி அறைகள். அடுக்கடுக்காக எழுந்து கூம்பாக முடியும் ஒரு கோபுரம். அரண்மனைப் பெண்கள் வாழ்ந்த இடம் என்று சொல்கிறார்கள். பெரும்பாலோர் இதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிப் போய்விடாதீர்கள். இங்கே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது.

இக்கோபுரத்தின் ஆறாவது அடுக்குவரை சுட்ட மண் குழாய் வழியே நீர் சென்றது என்றும், கோட்டைக்கு வெளியே சுமார் 500 கஜ தூரத்திலிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து அது வந்தது என்றும் பழைய குறிப்புகள் கூறுகின்றன. மின்சாரமும் பம்பும் இல்லாத காலம் அது. தண்ணீர் எப்படி மேலே ஏறியது?

வீடு கட்டும் கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். நீண்ட கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் குழாயில் நீரை நிரப்பி, ஒரு முனையை ஒரு சுவரிலும் மறுமுனையை எதிர்ச் சுவரிலும் பிடித்து மட்டம் பார்ப்பார். இடையில் குழாய் தரையில் கிடந்தாலும், பள்ளத்தில் இறங்கினாலும், இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். நீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பது இதுதான். கல்யாண மகாலின் குழாயும் அத்தகையதே. அளவில் மட்டும் பெரியது.

இதிலிருந்து ஒன்று உறுதியாகிறது. ஆறாவது அடுக்கில் நீர் வரவேண்டுமானால், நீர் புறப்படும் இடம் அதைவிட உயரத்தில் இருந்தாக வேண்டும். மகாலுக்கு அருகே ஆனைக்குளம் இருக்கிறது. ஆனால் அது தரை மட்டத்தில் இருக்கிறது. அதிலிருந்து நீர் தானாக மேலேறாது. ஆகவே நீர்த்தேக்கம் மேட்டில் இருந்திருக்க வேண்டும். அல்லது கவலையோ ஏற்றமோ கொண்டு உயரமான தொட்டிக்கு நீரை இறைத்திருக்க வேண்டும். நீர் ஓடும்போது குழாயின் சுவரோடு உராய்வதால் உயரத்தில் ஒரு பங்கு இழப்பாகும். எனவே அந்தத் தொட்டி இன்னும் சற்று மேலேயே இருந்திருக்கும்.

அழுத்தத்தையும் கணக்கிடலாம். ஓர் அடுக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது அடுக்கின் தளத்துக்குக் கீழே ஐந்து அடுக்குகள்; 15 மீட்டர். 10 மீட்டர் நீருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். ஆகவே அடியிலுள்ள குழாயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒன்றரை கிலோகிராம் எடையளவு விசை உள்ளிருந்து தள்ளும். குழாய் ஒல்லியாயினும் பருமனாயினும் அழுத்தத்தில் மாற்றமில்லை. உயரம் ஒன்றே அதைத் தீர்மானிக்கும். சுட்ட மண்ணும் அதன் இணைப்புகளும் இதைத் தாங்கியாக வேண்டும்.

இந்தச் சிக்கல் செஞ்சிக்கு மட்டும் உரியதன்று. 1453இல் கான்ஸ்டான்டினோபிளைக் கைப்பற்றிய துருக்கியச் சுல்தான் இரண்டாம் மெகமத், அங்கே டாப்காபி அரண்மனையைக் கட்டினார். 1924 முதல் அது அருங்காட்சியகம். அந்நகரின் நீர்க்குழாய்கள் அழுத்தத்தால் வெடிக்காதிருக்க, வழியில் கோபுரங்கள் கட்டினார்கள். குழாய் கோபுரத்தின் உச்சிக்கு ஏறும், அங்கே திறந்த தொட்டியில் நீர் விழும், அழுத்தம் தணியும், பிறகு மறுபக்கமாக இறங்கும். அயா சோபியாவுக்கு அருகே இத்தகைய கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது. துருக்கி மொழியில் அதன் பெயர் ‘சு தெராசி’. ‘சு’ என்றால் நீர். ‘தெராசி’ நம்முடைய தராசேதான்! இரண்டு மொழிகளும் அந்தச் சொல்லைப் பாரசீகத்திலிருந்து பெற்றன.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். செஞ்சியில் உடைந்த குழாய்த் துண்டு ஒன்று சுவரில் பதிந்திருப்பதைக் கண்டால், நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றலாம். ஓட்டுத் துண்டுதானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். அதில் ஒன்றுமில்லைதான், அது இருக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அத்துண்டு எந்த உயரத்தில் பதிந்திருக்கிறதோ, அந்த உயரத்துக்கு ஒருநாள் தண்ணீர் வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பெயர்த்து எடுத்துவிட்டால், உங்கள் கையில் இருப்பது வெறும் ஓடு. சுவரில் இருப்பது வெறும் ஓட்டை. நாம் மேலே போட்ட கணக்கை அப்புறம் எவராலும் போட முடியாது.

ஆகையால் அங்கே போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் எடுத்துச் செல்லுங்கள். குழாயின் தடயம் தெரிகிறதா என்று தேடுங்கள். ஓர் அடுக்கின் உயரத்தை அளந்து, நாம் வைத்துக்கொண்ட 3 மீட்டர் சரிதானா என்று பாருங்கள். அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓட்டை அதன் இடத்திலேயே விட்டு வாருங்கள். உங்களுக்குப் பின் வருபவரும் அளந்து பார்க்க வேண்டுமல்லவா?